தறி நின்றால் தன்னாட்சி வருமா?

சில நாட்களுக்கு முன், ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக அல்லிநகரத்திலிருந்து நாமும் இரண்டு தோழர்களும் போயிருந்தோம். கூட்டம் மாலையில். பகல் வெயிலுக்கு ஒதுங்கி நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். உள்ளே இரண்டு தறிகள். ஒன்றில் ஒரு அம்மாள் சேலை நெய்துகொண்டிருந்தார். மற்றதன்மேல் பழந்துணி மூட்டையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையும் கிடந்தன.

"இந்தத் தறி ஏன் அய்யா நிற்கிறது?" என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டோம்.

"பையன் திருப்பூருக்குப் போயிட்டான் தம்பி. இதுல கூலி கட்டல. எல்லாம் தலையெழுத்து. எங்களுக்கு அவன் எழுதினது அம்புட்டுத்தான்" என்றார்.

"எழுதினது யார்?" என்றோம். மேலே கையைக் காட்டினார்.

நமக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி சரி. எழுத்து என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, எழுதினவனும் இருக்கிறான். ஆனால் அவன் மேலே இல்லை. அவன் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, காகிதத்தில் எழுதினான். தேதி போட்டான், கையெழுத்துப் போட்டான், கெஜட்டிலும் அச்சடித்தான். அந்தக் காகிதங்கள் சிலவற்றைப் பற்றியும், ஒரு நாட்டில் தொழில் நசித்தால் அந்நாட்டார் "எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம்" என்று கேட்கத் துணிவது எப்பொழுது என்பதைப் பற்றியும் இவ்வாரம் எழுத எண்ணுகிறோம்.

முதலில் ஒன்று. தறியை விட்டுவிட்டுப் பையன் வெளியூர் போனதற்காக நாம் ஒப்பாரி வைக்க வரவில்லை. தகப்பன் தொழிலைத்தான் மகன் செய்யவேண்டும் என்பது மனுதர்மக்காரன் பேச்சு, நம்முடையதல்ல. நெசவாளி மகன் டாக்டராகட்டும், இன்ஜினீயராகட்டும், வேண்டாமென்றால் சும்மாகூட இருக்கட்டும். அவன் தானாக விட்டானா, கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டானா என்பதே நமது கேள்வி. தள்ளினது யார், அந்தக் கையைத் தட்டிக் கேட்க இவனுக்கு வழி உண்டா என்பது அடுத்த கேள்வி.

நிற்க, வெள்ளைக்காரன் காலத்துக் காகிதத்திலிருந்து தொடங்குவோம். லங்காஷயர் ஆலைத் துணி இங்கே வந்து குவிந்து நம் கைத்தறியை நசுக்கிய கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தத் துணிக்கு இருந்த இறக்குமதி வரியை 1882 இல் எடுத்துவிட்டார்கள். பின்பு கஜானாவுக்குப் பணமுடை வந்து 1894 இல் மறுபடி வரி போட்டபோது, மான்செஸ்டர் முதலாளிகள் கூச்சலிட்டார்கள். உடனே 1896 இல் ஒரு 'நியாயம்' கண்டுபிடித்தார்கள்: சீமைத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை வரி என்றால் இந்திய ஆலையில் நெய்த துணிக்கும் நூற்றுக்கு மூன்றரை வரி! தன் நாட்டுத் தொழில்மேல் போட்டிக்காரனுக்காக வரி போடும் சர்க்காரை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? அந்த வரியை எடுக்க 1925 வரை ஆயிற்று. பம்பாயிலும் சென்னையிலும் இருந்தவர்கள் கத்தியும் பயனில்லை; ஏனென்றால் மான்செஸ்டர்காரனுக்கு ஓட்டு உண்டு, இவர்களுக்கு இல்லை.

இதிலிருந்துதான் தாதாபாய் நௌரோஜி முதலியவர்கள் சுயராஜ்யத்திற்கு வந்தார்கள். நாட்டுச் செல்வம் வெளியே வடிகிறது, தொழில் சாகிறது, இதைத் தீர்மானிக்கிறவன் நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறான், ஆகையால் ஆட்சி நம் கையில் வேண்டும் என்றார்கள். 1906 இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே வழிதான். இந்தத் தர்க்கம் சரி என்று காங்கிரஸ்காரர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். நாமும் சரி என்றே சொல்லுகிறோம். ஆனால் லண்டன் என்கிற இடத்தில் டில்லி என்று போட்டு அதே கணக்கை ஒரு தமிழன் போட்டால் மட்டும் விடை எப்படி மாறும்? தாதாபாய் கேட்டால் தேசபக்தி, தறிக்காரன் கேட்டால் பிரிவினையா?

இங்கே அந்தக் கணக்கைப் போட்ட வருஷம் 1953 என்று சொல்லலாம். அப்போது கைத்தறி நெசவாளர் நிலைமை நூல் விலையாலும் விற்காத துணித் தேக்கத்தாலும் பட்டினிக்கு வந்துவிட்டது. அண்ணாதுரை முதலிய தோழர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். சென்னையில் முதல் மந்திரி யார்? ஆச்சாரியார். நம் இயக்கத்திற்கு அவரைவிடப் பரம விரோதி கிடையாது. அவரே, வேஷ்டியையும் சேலையையும் கைத்தறிக்கென்று ஒதுக்கிவிடுங்கள் என்று டில்லியைக் கேட்டார். இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலாக இருந்தவர், டில்லியில் அவருக்குத் தெரியாத வாசற்படி இல்லை. அப்படிப்பட்டவரும் மனுக்கொடுக்க வேண்டியதாயிற்று! டில்லி ஒன்றுமே செய்யவில்லை என்று பொய் சொல்லமாட்டோம். ஆலைகள் தாங்கள் நெய்துவந்த வேஷ்டியின் அளவை 60 சதவீதத்திற்குக் குறைக்கவேண்டும் என்றார்கள். ஆலைத் துணிக்குக் கஜத்திற்கு 3 பை வரி போட்டுக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கினார்கள். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் கொடுக்கிறவன் மனம்போல் கிடைத்தது. சேலையைப் பற்றி முடிவு செய்யச் சேலை நெய்கிறவனுக்கும் அதிகாரமில்லை, அவன் ஓட்டுப்போட்ட சட்டசபைக்கும் அதிகாரமில்லை என்பது அன்றைக்குத்தான் தெருவிலிருந்தவனுக்கு விளங்கிற்று. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்கிற வாசகம் பாமரன் காதில் ஏறினது மேடைப்பேச்சின் அழகினால் அல்ல, துணி விற்காததால்.

(இதே 1953 இல்தான் அதே ஆச்சாரியார், கிராமத்துப் பிள்ளைகள் அரைநாள் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று கல்வித் திட்டம் கொண்டுவந்தார். தகப்பன் தறியே நின்று கிடக்கிறது. பிள்ளை அதில் என்னத்தைப் பழகுவது? 1954 இல் காமராசர் வந்து அதை எடுத்தார். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வருவோம்.)

பழைய கதை போதும். நம்மூர் இரயிலை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து போடி வரை சுமார் 90 கிலோமீட்டர் பாதை 1928 இல் போட்டது. அதை அகலப்பாதையாக்குகிறோம் என்று 2010 டிசம்பர் கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். நல்ல காரியந்தான், சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்று நம்பினோம். தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூனில். வண்டி நின்றபோது பிறந்த பிள்ளை, முதல்முறை போடியில் இரயிலைப் பார்க்கும்போது ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது! அத்தனை வருஷமும் போடி ஏலக்காயும் கம்பம் திராட்சையும் லாரி வாடகை கொடுத்தே மலையடிவாரத்தை விட்டுப் போயின. ஒரு ஊருக்குப் பன்னிரண்டு வருஷம் இரயில் இல்லையென்றால் அந்த ஊரில் புதிதாக ஆலை வைக்க எந்த மடையன் வருவான்? மனுமேல் மனு போயிற்று. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இத்தனை கோடி என்று பத்திரிகையில் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். இதற்கு யாரைப் பதவியிலிருந்து இறக்குவது? சென்னையில் மந்திரிசபையை மாற்றினோம். இரயில் சென்னைக்குச் சொந்தமில்லை. டில்லியில் 543 பேர் உட்காருகிற சபையில் தேனிக்கு ஒருவர்.

பஞ்சும் அப்படியே. இந்தியாவின் நூற்பாலைகளில் மற்றெந்த மாகாணத்தையும்விட அதிகம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்திலும் கணிசமாக உண்டு. ஆனால் வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வரவேண்டும். 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு, எல்லாம் சேர்த்து 11 சதவீதம் வரி போட்டார்கள். 2022 ஏப்ரலில் எடுத்தார்கள், அதே வருஷக் கடைசியில் மறுபடி வந்தது. 2025 ஆகஸ்டில் மறுபடி சில மாதங்களுக்கு எடுத்தார்கள். பருத்தி விளைவிக்கிற குடியானவனுக்கு விலை வேண்டாமா என்றால், வேண்டும்; அந்தச் சண்டையில் நாம் ஆலை முதலாளிக்கு வக்கீல் அல்ல. நாம் சொல்லுவது, ஆலையும் அதில் கூலி வாங்குகிறவனும் இங்கே இருக்க, வரியைப் போடவும் எடுக்கவும் கூடிய பேனா அங்கே இருக்கிறது என்பதுதான். பேனா அங்கே இருப்பதால், அது எப்போது அசையும் என்பது இங்கே ஜோசியம் பார்க்கிற விஷயமாகிவிடுகிறது. மழைக்கும் மாரியம்மனுக்கும் காத்திருந்தது போக, இப்போது கெஜட்டுக்கும் காத்திருக்கிறோம்.

இதற்கிடையில் நம் பக்கத்தையும் கொஞ்சம் சோதித்துக்கொள்ளவேண்டும். வடக்கு என்றாலே வாழ்கிறது என்று எண்ணினால் அதுவும் ஒரு மூடநம்பிக்கை. எஃகுக்கு நாடு முழுவதும் ஒரே விலை கிடைக்கும்படி இரயில் வாடகையைச் சமன் செய்யும் திட்டம் ஒன்று 1950களில் டில்லி கொண்டுவந்து 1990களின் தொடக்கம் வரை இருந்தது. அதனால் சுரங்கமும் உலையும் இருந்த பீகார் தன் இயற்கை லாபத்தை இழந்தது. தூரத்திலிருந்த தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற இடங்களின் தொழில்களுக்குச் சகாயம் கிடைத்தது. ஆகவே டில்லியின் பேனா தமிழனை மட்டுமல்ல, பீகாரியையும் குத்தியிருக்கிறது. தூரத்தில் இருக்கிறவனிடம் தீர்மானம் இருப்பதே வியாதி; அவன் என்ன பாஷை பேசுகிறான் என்பது இரண்டாவது.

இனி, தொழில் நசிவு தன்னாட்சி ஆசையாக எப்படி மாறுகிறது என்பதைத் தூரத்து நாடு ஒன்றில் பார்ப்போம். சொந்த வீட்டுச் சண்டையில் நமக்கே கண் மறைக்கும். ஸ்காட்லாந்து என்பது இங்கிலாந்துக்கு வடக்கே சுமார் 55 இலட்சம் ஜனங்கள் உள்ள நாடு. 1707 இல் தன் பார்லிமெண்டைக் கலைத்துவிட்டு லண்டனோடு சேர்ந்தது. கிளைடு என்கிற ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் உலகத்துக் கப்பல்களில் ஏறத்தாழ அய்ந்தில் ஒன்று கட்டினார்கள். டண்டி என்கிற ஊரில் வங்காளத்துச் சணலை நெய்து கோணிப்பை செய்தே ஊர் பிழைத்தது. பிறகு கல்கத்தாவிலேயே சணலாலைகள் வந்து அந்த ஊரை அடித்துவிட்டன.

1979 இல் அந்நாட்டாரிடம், உங்களுக்கென்று ஒரு சட்டசபை வேண்டுமா என்று ஓட்டுக் கேட்டார்கள். ஓட்டுப்போட்டவர்களில் 51.6 சதவீதம் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்றிருந்த விதியால் அது தோற்றது. அவ்வளவு பெரிய ஆவல் இல்லை என்று அர்த்தம். அதே வருஷம் தாட்சர் அம்மையார் பிரதம மந்திரியானார். 1981 இல் லின்வுட் மோட்டார் ஆலை மூடப்பட்டது. 1986 இல் பாத்கேட் லாரி ஆலை. 1992 இல் மதர்வெல் ஊரின் ரேவன்ஸ்கிரெய்க் எஃகாலை. இந்த மூடுதலிலெல்லாம் சந்தையின் குற்றமும் உண்டு, பழைய இயந்திரத்தின் குற்றமும் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்துக்காரன் கண்ணில் பட்டது வேறொன்று. 1987 தேர்தலில் அந்நாட்டின் 72 இடங்களில் தாட்சர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 10. நாங்கள் இவரை வேண்டாம் என்றோம், ஆனாலும் இவரே எங்களை ஆளுகிறார் என்று கண்டான். தலைவரி என்ற புதுவரியை இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முந்தி, 1989 இல், ஸ்காட்லாந்தில் போட்டுப் பார்த்தார்கள். அதோடு கதை முடிந்தது. அந்த வருஷமே கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கூடித் தன்னாட்சிக்கு மகாநாடு அமைத்தார்கள். பாதிரிமார்கள்கூட அதில் வந்து உட்கார்ந்தார்கள். நம் மடாதிபதிகளில் ஒருவராவது எந்த ஆலை மூடினதற்காவது பல்லக்கை விட்டு இறங்கினதுண்டா?

1997 இல் மறுபடி ஓட்டெடுத்தபோது 74.3 சதவீதம் வேண்டும் என்றார்கள். 1999 இல் பார்லிமெண்டு கூடிற்று. 2014 இல் தனி நாடாகவே போகலாமா என்று கேட்டபோது நாடு முழுதும் சேர்த்து 55.3 சதவீதம் வேண்டாம் என்றது. ஆனால் போகலாம் என்று பெரும்பான்மை சொன்ன வட்டாரங்கள் நான்கே நான்கு: கோணிப்பை டண்டி, கப்பல் கட்டின கிளாஸ்கோவும் அதை ஒட்டின மேற்கு டன்பார்ட்டன்ஷயரும், எஃகாலை நின்ற வடக்கு லனார்க்ஷயர். படத்தை வைத்துக்கொண்டு, செத்த தொழிலைத் தேடினால் அந்த ஓட்டு கிடைக்கும்.

ஆனால் தொழில் செத்தால் தன்னாட்சி தானே பிறக்கும் என்று இதிலிருந்து ஒருவர் சொன்னால் அது அவசரம். அந்நாட்டுக்குத் தெற்கே, இங்கிலாந்தின் வடகிழக்கிலும் நிலக்கரியும் கப்பலும் அதே காலத்தில் அதே மாதிரி மாண்டன. அங்கே 2004 இல், உங்களுக்கு ஒரு சபை வேண்டுமா என்று கேட்டார்கள். 77.9 சதவீதம் வேண்டாம் என்றார்கள்! பட்டினி ஒன்றுதான், பதில் வேறு. கொடுப்பதாகச் சொன்ன சபைக்கு உருப்படியான அதிகாரமில்லை, இன்னொரு கூட்டம் அரசியல்வாதிகளுக்குச் சம்பளம் எதற்கு என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரனுக்குத் தனிச் சட்டம், தனிக் கல்வி, 'நாம்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் எல்லாம் முன்பே இருந்தன; நட்டத்தை அந்தப் பெயரில் எழுதிக்கொண்டான். வடகிழக்கான் தன் நட்டத்தைத் தன் தலையில் எழுதிக்கொண்டான்.

சக்கம்பட்டிப் பெரியவர் மேலே கை காட்டினதும் இதேதான். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்துகிற கூட்டத்தில் தறி நின்றவனும் உண்டு, ஆலையில் ஷிப்டு போனவனும் உண்டு. அவன் மனுவை அம்மனிடம் கொடுக்கிற வரையில் டில்லிக்கும் நிம்மதி, சென்னைக்கும் நிம்மதி. "இது விதி" என்கிறவன் சுதந்திரம் கேட்கமாட்டான். "இது உத்தரவு" என்று கண்டுகொண்டவன்தான், உத்தரவு போட நீ யார் என்பான். இயக்கத்தார் சாமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களே, பொருளாதாரம் பேசினால் என்ன என்று கேட்கும் படித்த நண்பர்களுக்கு இதுதான் நமது பதில். இரண்டும் ஒரே பேச்சு.

இப்போது அடைப்புக்குள் விட்டுவைத்த சங்கதிக்கு வருவோம். அரைநாள் படிப்புத் திட்டத்தைப் போட்டது டில்லி அல்ல, சென்னை. ஆட்சி பக்கத்திலிருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. தமிழ்நாட்டில் 1969 இல் இராஜமன்னார் குழுவை அமைத்தார்கள், 1971 இல் அது அறிக்கை கொடுத்தது, 1974 இல் சட்டசபை மாகாண சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் தலைமையில் மறுபடி ஒரு குழு அமைத்தார்கள். நாம் எல்லாவற்றையும் ஆதரிக்கின்றோம். ஆனால் அதே 2025 ஜனவரியில் தேனி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தபோது, தேர்தல் வைக்காமல் தனி அதிகாரிகளிடம் ஒப்படைத்ததும் அதே சென்னைதான். அதற்கு முன் வேறொரு கட்சி ஆண்டபோது 2016 முதல் 2019 வரை மூன்று வருஷம் உள்ளாட்சியே இல்லாமல் கிடந்தது. டில்லியைப் பார்த்து 'அதிகாரத்தைக் கொடு' என்று நீட்டுகிற கை, ஆண்டிபட்டியைப் பார்த்து மூடிக்கொள்கிறதே, இது என்ன யோக்கியதை? 2022 இல் மின்சாரக் கட்டணத்தை ஏற்றினதும் சென்னைதான். 2023 ஜூலையில் சிறு நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது பஞ்சு விலையோடு அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். டில்லிக்காரன் செய்தால் சுரண்டல், சென்னைக்காரன் செய்தால் நிர்வாகமா?

ஆகையால் நாம் கேட்கும் தன்னாட்சி சென்னைக் கோட்டையோடு நின்றுவிடுகிற தன்னாட்சி அல்ல. நெசவாளர் தெருவில் இருக்கிறவன், அவன் எந்த ஜாதியானாலும், அந்தப் பெண்பிள்ளையும் சேர்ந்து, தன் பிழைப்பைப் பற்றிய உத்தரவு எங்கே எழுதப்படுகிறதோ அங்கே கை தூக்கக்கூடிய தன்னாட்சி. அது கிடைத்தால் தறி மறுபடி ஓடும் என்று நாம் வாக்குக் கொடுக்கமாட்டோம். ஸ்காட்லாந்தில் பார்லிமெண்டு வந்தபின் ரேவன்ஸ்கிரெய்க் உலை மறுபடி எரியவில்லை. ஓடாது என்றால் ஏன் ஓடாது என்று கேட்டு, வேறு பிழைப்புக்கு என்ன வழி என்று அதட்ட ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான், அவ்வளவுதான்.

அன்று மாலைக் கூட்டத்தில் இதையெல்லாம் இதே வரிசையில் சொல்லவில்லை. நேரமுமில்லை, மைக்கும் பாதியில் போய்விட்டது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் வந்து, "தம்பி, சேலைக்கு முன்னாடி இல்லாத வரி 2017ல வந்துச்சே, அதை யாரு போட்டது? நம்ம எம்.பி. அதுக்குக் கை தூக்குனாரா?" என்று கேட்டார். ஜி.எஸ்.டி. மன்றத்தைப் பற்றிச் சொன்னோம். அதில் டில்லிக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு; எல்லா மாகாணங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு; எந்தத் தீர்மானத்திற்கும் நாலில் மூன்று பங்கு வேண்டும். துணிக்கான வரியை 2022 ஜனவரியிலிருந்து 12 சதவீதமாக்க முடிவு செய்து, பல மாகாணங்கள் கூச்சலிட்டதால் முந்தின நாள் நிறுத்தி வைத்ததும் அந்த மன்றந்தான் என்றோம்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப எல்லா மாகாணமும் ஒண்ணாச் சேந்து கை தூக்கினாலும், அவன் மாட்டேன்னா நடக்காதா?" என்றார்.

நடக்காது என்றோம். நம்முடன் வந்த படித்த தோழர் ஒருவர் இந்தக் கணக்கை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் மறுபடி கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு கரும்பலகை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.